ஏழாம் கட்டம்

பாக்கு நகருக்கு வடக்கே ஒரு தகரக் கொட்டகை.
வாரத்துக்கு நாற்பது மூட்டை பிரிக்கிறோம்,
தெருவுக்கு ஒன்றாக.
பதின்மூன்று வாளி, தாளில் பதின்மூன்று கட்டம்.

எல்டானிஸ் முடிச்சுகளைக் கிழிப்பான்.
நான் அவிழ்ப்பேன்.
முடிச்சிலேயே வீடு தெரிந்துவிடும்.
உள்ளே தேயிலைச் சக்கை, மாதுளைத் தோல்,
ஆட்டெலும்பு, மருந்துச் சீட்டு,
கல்யாணப் புகைப்படத்தில் பாதி.
(மறுபாதியை அடுத்த மூட்டையில் தேடினோம். இல்லை.)

கதவைத் திறந்தால் கஸ்ரிக் காற்று
நான்காம் வாளியை மட்டும் அள்ளிக்கொண்டு
கடல் பக்கம் ஓடும்.
நெகிழிக்குத்தான் எத்தனை அவசரம்.

ஏழாம் கட்டம் ரொட்டி.
ஐந்து மாதமாகச் சுழியம்.
"இந்த ஊரில் ரொட்டியைக் குப்பையில் போடுவார்களா?"
என்று சிரித்தார் சோஹ்ரா ஹானிம்.
போடமாட்டார்கள்.
தனிப் பையில் கட்டித் தொட்டியின் கொக்கியில்,
இல்லையென்றால் மரக்கிளையில் மாட்டுவார்கள்.
தரையில் கிடக்கும் துண்டை எடுத்து
முத்தமிட்டு மதில்மேல் வைப்பார்கள்.
யாரோ வந்து ஆடுகளுக்குக் கொண்டுபோகிறார்.
சட்டமில்லை, அபராதமில்லை,
ஒரு நகரமே பிரித்துப் போடுகிறது
ஒரே ஒரு பொருளை.
மற்ற எல்லாவற்றுக்கும் மலை.

வியாழக்கிழமை. மூட்டை முப்பத்தொன்று.
இரட்டைச் சுருக்கு, வால் உள்ளே மடித்தது.
விரல் நின்றது.
என் முடிச்சு.

கறுப்புப் பைக்குள் கறுப்புப் பை,
அதற்குள் செய்தித்தாள்,
அதற்குள் பச்சை பூத்த அரை ரொட்டி.
கொக்கியில் மாட்டினால்
இத்தனை நாள் சாப்பிடாமல் விட்டது யாரென்று
படிக்கட்டு முழுக்கத் தெரிந்துவிடுமே என்று
உருளைக்கிழங்குத் தோலுக்கடியில் நான் புதைத்தது.
எல்டானிஸ் தராசைப் பார்த்தான்,
என்னைப் பார்க்கவில்லை.
முந்நூற்று நாற்பது கிராம்.
எழுதினேன்.

திங்களன்று சோஹ்ரா ஹானிம்
அந்தக் கட்டத்தில் விரல் வைத்தார்.
"பிழையா?"
"இல்லை."
அதற்குமேல் கேட்கவில்லை.

கழிவு என்கிறோம்.
கழித்துவிட்டதாகக் கணக்கு.
எண்ணெய்க் கிணறுகளுக்கு அப்பால்
புல்டோசரின் அடியில்
அது கூடிக்கொண்டே இருக்கிறது.

பின்பக்கம், கவிழ்த்து வைத்த கண்ணாடிக் குடுவைகள்.
ஒவ்வொன்றுக்கும் ஒரு வாளியின் கூழ்.
வாயு ஏற ஏற நீர் இறங்கும்.
மையால் கோடு போட்டு அளப்போம்.
தேயிலை மெதுவாக, மாதுளைத் தோல் அதைவிட மெதுவாக.
எலும்பு சும்மா இருக்கிறது.
ஒன்பதாம் குடுவையில் என் ரொட்டி.
பதினோராம் நாள்
அதில்தான் கோடு ஆகக் கீழே.

குழாயைத் திருகி எல்டானிஸ் தீக்குச்சி உரசினான்.
நீலம், விரல்நுனி அளவு.
தேநீர் கொதிக்கப் போதவில்லை.
வெதுவெதுப்பாகவே குடித்தோம்.
வெளியே, வேலிக் கம்பியில்,
யாரோ மாட்டிவிட்டுப் போன பை
காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.