இரண்டாவது வளையம்

புத்தாண்டு பிறந்து நாற்பது நிமிடம்.
துறைமுகத்தில் வெடிச் சத்தம் இன்னும் ஓயவில்லை.
காலிம்னோஸ் மருத்துவமனையின் கீழ்த்தளத்தில்
செருப்பைக் கழற்றிவிட்டு
ஆறிப்போன காப்பியைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.
என் வேலை படம் எடுப்பது.
யாரும் சிரிக்காத படம்.

கதவைத் தள்ளிக்கொண்டு ஒரு குடும்பமே வருகிறது,
விருந்து உடுப்பில், ஆரஞ்சுத் தோல் வாசனையோடு.
நடுவில் மூன்று வயது செவாஸ்தி.
அழவில்லை.
அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.
எச்சில் வழிந்து கவுனின் கழுத்து நனைய நனைய
தாடையை முன்னால் நீட்டியபடி இருக்கிறாள்.

"காசுதான்" என்கிறார் தகப்பன் திராசிவுலோஸ்.
புத்தாண்டுக் கேக்கில் புதைத்துச் சுட்ட காசு.
யார் துண்டில் வருகிறதோ அந்த வருஷம் அவருக்கு.
பதினோரு பேர் பிட்டுப் பார்த்தார்களாம்,
ஒருவருக்கும் இல்லை.
கேக் சுட்ட கலியோபி அத்தையைக் கேலி செய்தார்களாம்.
அப்போதுதான் பிள்ளை தண்ணீரைத் துப்பினாள்.
"அதிர்ஷ்டத்தையே முழுங்கிவிட்டாள் கள்ளி!"
சித்தப்பா சகெல்லாரிஸ் சிரிக்கிறார்.
சிரிப்பு பாதித் தொண்டையில் நிற்கிறது.

தாய்க்கு ஈய அங்கி மாட்டுகிறேன்.
மூச்சைப் பிடி என்று மூன்று வயதிடம் சொல்ல முடியாது.
இரண்டு மூச்சுக்கு நடுவே ஒரு சந்து உண்டு.
அங்கே அழுத்த வேண்டும் பொத்தானை.

திரையில்,
காறையெலும்புகள் இரண்டும் நெருங்கும் இடத்தில்,
வட்டமாய், வெள்ளையாய்
பௌர்ணமி.
"சொன்னேனா இல்லையா" என்கிறது
கண்ணாடிக்கு அப்பால் ஒரு குரல்.

ஆனால் காசுக்கு ஒரு விளிம்புதான்.
இந்த நிலாவுக்குள் இன்னொரு வளையம்,
மயிரிழையாய்.
மழைக்கு முன்னால் நிலா கோட்டை கட்டுமே,
அதுபோல; ஆனால்
உள்பக்கமாகக் கட்டியிருக்கிறது.

திருப்பிப் படுக்கவைத்துப் பக்கவாட்டில் ஒரு படம்.
ஒரு முகம் அகலம், மறு முகம் குறுகல்,
நடுவே ஒரு படி.
எந்த அரசும் படி வைத்துக் காசு அடிப்பதில்லை.

பொத்தான் பேட்டரி.

"வாழ்த்து அட்டை" என்கிறாள் தாய், சுவரிடம் சொல்வதுபோல.
"திறந்தால் பாடும்.
சாயங்காலத்திலிருந்து அது பாடவில்லை."

ஈரம் பட்டால் அது சும்மா கிடக்காது.
தீ இல்லாமல், புகை இல்லாமல் எரிக்கும்.
இரண்டே மணி நேரம் என்கிறது என் பாடப் புத்தகம்.
எப்போது விழுங்கினாள்?
பதினோரு பேரும் பதினோரு நேரம் சொல்கிறார்கள்.

மேலே டாக்டர் லெமோனியா
ரோட்ஸ் தீவோடு தொலைபேசியில் கத்துகிறார்.
பத்து நிமிடத்துக்கு இரண்டு தேக்கரண்டி தேன்.
பணியாளர் சமையலறையில் எவரோ விட்டுச்சென்ற
மலைத்தேன், அடியில் உறைந்தது.
முகம் சுளித்து, கண் கலங்கி, விழுங்குகிறாள் செவாஸ்தி.
மூன்றாவது முறை கொடுக்கும்போது
கூரைமேல் ஹெலிகாப்டர் இரைச்சல்.

தாயும் தகப்பனும் பறந்துவிட்டார்கள்.
மற்றவர்கள் நடைவழியில்.
சித்தப்பா கோட்டுக்குள்ளிருந்து ஒரு பொட்டலம் எடுக்கிறார்.
"அந்நியருக்கென்று ஒரு துண்டு வெட்டுவோம்.
எப்போதும் யாரும் வருவதில்லை.
நீங்கள் சாப்பிடுங்கள்."

நான் கடிக்கவில்லை.
விதிப்புத்தகத்தில் இதற்கு இடமில்லை என்று தெரியும்.
துண்டை மேசையில் வைத்து
பொத்தானை அழுத்தினேன்.

பஞ்சுபோன்ற சாம்பல் நிறத்தின் நடுவே
குட்டிப் பௌர்ணமி.
ஒரே விளிம்பு.

வெகுநேரம் பார்த்தார்.
இந்தமுறை சிரிக்கவில்லை.

விடிவதற்குள் ரோட்ஸிலிருந்து செய்தி:
எடுத்தாயிற்று. சதை கருத்திருக்கிறது, ஓட்டை இல்லை.
இன்னும் சில வாரம் பார்க்க வேண்டும்.
சில வாரம் என்பதை
அத்தை இரண்டு முறை கேட்டு வாங்கிக்கொண்டாள்.

காசு என் அங்கிப் பையில் இருக்கிறது.
இந்த வருஷம் எனக்காம்.

ஏழு மணிக்கு ஒரு மீன்காரர்,
தொண்டையைத் தொட்டுக் காட்டியபடி.
முள்ளாம். இரவு விருந்தில்.
படம் எடுத்தேன். ஒன்றும் இல்லை.
சில முட்கள் படத்தில் விழுவதில்லை.
"இருக்கிறது, அம்மா. எனக்குத் தெரியும்" என்கிறார்.
விரலால் காசின் விளிம்பைத் தடவிக்கொண்டே
சி.டி. அறையின் விளக்கைப் போடுகிறேன்.