செவ்வாய்க்கிழமைப் பாதை

குருமண்வெளித் துறையில் பாதைக்குக் காத்து நிற்கிறோம்.
பாதை என்றால் இங்கே தெருவல்ல.
ஓர் இரும்புத் தட்டு, அடியில் மிதவைகள், இருமுகிற எஞ்சின்.
ஆறு மோட்டார்சைக்கிள், மூன்று ஆசிரியைகள்,
ஒரு மூட்டை கோழித்தீன்,
பிறகு நான்,
தோற்பையில் முப்பத்தெட்டுப் பெண்களின் பெயர்களோடு.

வாவிக்குள் மேகம் முழுதாய் விழுந்து கிடந்தது.
நட்ட கம்பொன்றில் நீர்க்காகம்
இறகை விரித்துக் காயப் போட்டிருந்தது.
கொழும்பிலிருந்து வந்த பையன் படமெடுத்தான்.
"இங்க எப்பவும் இப்பிடி வடிவா அண்ணன்?"
"செவ்வாய்க்கிழமைகளில்" என்றேன்.
மற்ற நாட்களில் எனக்கு வேறு ஊர்கள்.

மண்டூர் தாண்டினால் வயல்.
குடலைப் பருவம். கண்ணை உறுத்துகிற பச்சை.
நடுவில் ஒரு மேடு, உழாமல்.
முன்பு அதில் காவலரண் இருந்ததாம்.
மிசின் ஓட்டுகிற பொடியன் அந்த இடம் வந்ததும்
ஸ்டியரிங்கை ஒடித்துச் சுற்றிப் போகிறான்.
ஏனென்று அவனுக்குத் தெரியாது.
அவன் அப்பா அப்படித்தான் உழுதார்.

என் சைக்கிள் சத்தம் எனக்கு முன்னால் போய்ச் சேரும்.
ஒரு வளவில் வானொலி நிற்கும்.
இன்னொன்றில் உலை கொதித்துக்கொண்டிருக்கும்,
வீட்டில் யாரும் இல்லை.
வேலியில் ஈரச் சேலை சொட்டும்.
"மறுகா வாங்க தம்பி."
வவுனியாவிலிருந்து பிழைக்க வந்த எனக்கு
படுவான்கரை தந்த முதற் சொல் அது.
மழைக்கு மறுகா. வெட்டுக்கு மறுகா.
யானை தள்ளிய சுவரை நிமிர்த்தி, மறுகா.

தவமலர் மட்டும் ஒளிக்கமாட்டா.
படிவத்தில் ஒன்பதாம் கட்டம்: கணவர் கையொப்பம்.
முதல் நாளே சொன்னா,
"செத்திட்டாரெண்டு எழுதாதங்க.
இரிக்காரெண்டும் எழுதாதங்க."
நான் ஒரு கோடு கீறினேன்.
அலுவலகத்துக் கம்பியூட்டர் கோட்டை ஏற்கவில்லை.
மேலாளர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்:
"இதென்ன, ஆளா? வெறும் இடமா?"
ஏழு வருடமாய் அந்தக் கோப்பு
முழுமையற்றவை அடுக்கில் இருக்கிறது.
தவணை மட்டும் ஒழுங்காய் ஏறுகிறது.

இன்று ஐந்நூறு குறைந்தது.
எண்ணி, திரும்ப எண்ணி,
கசங்கிய தாள்களை மடியில் வைத்து நீவித் தந்தா.
பிறகு உள்ளே போய்
ஒரு சட்டி எருமைத் தயிரோடு வந்தா.
"இது கணக்குக்கில்ல. வெயிலுக்கு."

கடைசிப் பாதை.
பின்னால் படுவான்கரையில் பொழுது படுக்கிறது,
இவ்வளவு சிவப்பையும் படமெடுக்க அந்தப் பையன் இல்லை.
முன்னால் எழுவான்கரையில் வெளிச்சம் போடுகிறார்கள்.
நடு ஆற்றில்
முழங்கால்களுக்கிடையே சட்டியை இறுக்கிக்கொண்டு
சைக்கிளில் குந்தியிருக்கிறேன்.
எஞ்சின் அதிர்வுக்குத் தயிராடை நடுங்குகிறது.

பற்றுச்சீட்டுப் புத்தகத்தைத் திறந்தேன்.
குறைந்த ஐந்நூறுக்கு ஒரு கட்டம் இருந்தது,
அபராதம் என்ற தலைப்பில்.
தயிருக்கு இல்லை.
பேனையின் மூடியைக் கழற்றினேன்.
துறை வந்துவிட்டது, இறங்குங்க என்று கத்தினார்கள்.
மறுகா எழுதலாம் என்று
மூடிவிட்டேன்.