அரைத்தூக்கம்

மடிக்கணினியை மூடிவிட்டு ஓட்ஸ் கஞ்சி குடிக்கப் போனாள் அவுலிக்கி.
திரும்பி வந்து திறந்தால்
எல்லாம் எழுந்துவிட்டது,
புளூடூத் மட்டும் எழவில்லை.

ஔலு. காலை ஒன்பது, இன்னும் இருட்டு.
வெளியே மைனஸ் இருபத்தாறு.
காகித ஆலையில் இரவுப்பணி முடித்த ஓஸ்மோ
அடுத்த அறையில் தூங்குகிறான்.
இவளுக்கோ டிரம்ஸ் கேட்டாக வேண்டும்.

கறுப்புத் திரையில் விசாரித்தாள்.
சேவை இயங்குகிறது என்றது.
நிறுத்தி, மறுபடி ஓடவிட்டாள்.
இயங்குகிறது என்றது,
வீட்டில் இல்லாதவனுக்காகக் குரல் கொடுக்கும் தம்பி மாதிரி.
துருவித் துருவிக் கேட்டதும் கக்கியது:
கட்டுப்படுத்தி எதுவும் இல்லை.

இல்லையாம்!
நகக்கண் அளவு சில்லு,
திருகாணிக்குக் கீழே அங்கேயேதான் கிடக்கிறது.
பதிவேட்டில் ஒரே வரி பதினேழு முறை:
ஃபர்ம்வேர் ஏறவில்லை, பிழை மைனஸ் நூற்றுப்பத்து.
தெருவே தேவலாம்.

மூன்றாவது ரீபூட்டுக்குப் பிறகுதான் உறைத்தது.
எத்தனை முறை மறுதொடக்கம் செய்தாலும்
அதற்கு மின்சாரம் சொட்டிக்கொண்டே இருக்கிறது.
முழுசாகத் தூங்க விட்டால்தானே
முழுசாக விழிக்கும்.

சார்ஜரைப் பிடுங்கினாள்.
பவர் பொத்தானை அழுத்திப் பிடித்து
யுக்ஸி, காக்ஸி, கோல்மே என்று முப்பதுவரை.
கீழே பனி வாரும் வண்டி
மஞ்சள் விளக்கைச் சுழற்றியபடி போனது.
பத்து நிமிடம் எதையும் தொடவில்லை.
அவளுக்கே அது புதிது.

எழுப்பியதும்
சுவர்களைத் தாண்டி வந்து நின்றன பெயர்கள்:
யாருடையதோ பல்துலக்கி,
மேல்மாடி டிவி,
ரைலியின் காதுக்கருவி,
கடைசியாக, தயங்கித் தயங்கி, இவளுடைய ஹெட்போன்.

இணைந்தது.
காதுக்குள் ஒரு பெண்குரல் கனிவாகச் சொன்னது:
பேட்டரி குறைவு.

வாய்விட்டுச் சிரித்தாள்.
உள்ளே கட்டில் கிரீச்சிட்டது.