உம்

சுங்கச்சாவடியில் ஏழாம் எண் கூண்டு.
ஸ்டிக்கர் வேலை செய்யாத வண்டிகள் மட்டும்
தெக்லாவிடம் வரும், கோபத்தோடு.
பத்து மணிக்கு ஷிப்டு முடிந்து
பர்கூர் சாலையில் பஸ் இறங்கி
கிரானைட் பட்டறைக்குள் நுழைவாள்,
துப்பட்டாவில் டீசல், கையில் பாதி தின்ற பன்.

நாங்கள் நால்வர். பெயர் மயில்துத்தம்.
திம்மராயன் கிட்டார், அஃப்ரோஸ் பேஸ்,
மாதேஷ் டிரம்ஸ், அடிக்காத நேரம் குறைவு.
நான் கீபோர்டும் காலடியில் ஒரு டிலே பெட்டியும்.
எங்களுக்கு ஒரு பாட்டு பதினெட்டு நிமிடம்.
பதினாறாவது நிமிடத்தில்
சத்தம் நீலமாகும் என்று நம்பினோம்.
அதுவரை உட்கார்ந்து கேட்டவர் வாட்ச்மேன்,
அவரும் சம்பளத்துக்கு.

எலத்தகிரியில் ஓர் அடக்கப் பூசையில்
அவள் பாடியதை அஃப்ரோஸ்தான் கேட்டுவந்தான்.
"ஒடம்புல இருக்கற எலும்பையெல்லாம் கழட்டி
திரும்ப மாட்டற மாதிரி பாடுதுடா."
"நம்ம டைப்புக்கு வருமா?" இது திம்மராயன்.
"வராது. அதுக்குத்தான் கூப்புடறேன்."

முதல் இரவே அவள் குரலை எடுத்து
டிலேயில் ஊறப்போட்டேன்.
ஒரு "வா" ஏழு "வா" ஆனது.
ஏழும் அறுத்து நிறுத்திய பலகைகளில் மோதி
வரிசை மாறித் திரும்பின.
பாட்டை நிறுத்தினாள்.
மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன்.

"இது எத்தன நொடி கழிச்சு வருது?"

"அரை நொடிக்குக் கொஞ்சம் கம்மி."

"ரெண்டு ஆக்கு."

ஆக்கினேன். பாடினாள். காத்திருந்தாள்.
போன குரல் திரும்பி வந்ததும்
அதற்குப் பதில் சொன்னாள்.
பதிலும் திரும்பி வர, அதை அதட்டினாள்,
அதட்டலிடம் கெஞ்சினாள்,
எட்டு மணிநேரம் கண்ணாடிக்கு அந்தப்பக்கம்
யாருக்கும் சொல்லாமல் வைத்திருந்ததையெல்லாம்
தன்னிடமே சொல்லித் தன்னிடமே தோற்று
அந்தத் தோல்வியின் மேல் ஏறி நின்றாள்.
மாதேஷ் குச்சிகளை மடியில் வைத்திருந்தான்,
முழுதாக நாற்பது நொடி.

மாங்காய் சீசன் அது.
எதிரே கூழ் ஃபேக்டரி வாசலில்
பெங்களூரா ஏற்றிய லாரிகள் விடியும்வரை.
புளித்த இனிப்புக்கு வந்த ஈக்கள்
எங்கள் மைக்கிலும் உட்கார்ந்தன.
ஐந்து பாட்டு முடித்தோம்.
மூன்றாவதில் ஓர் ஈயும் இருக்கிறது,
ஹெட்போனில் கேட்டால் தெரியும்.

சண்டை அட்டைப்படத்தில் வந்தது.
"மயில்துத்தம்" பெரிய எழுத்தில்,
அடியில் சின்னதாய் "தெக்லாவுடன்."

செல்லாத நோட்டைத் தூக்கிப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.
"உடன்னா? சோத்தோட ஊறுகாயா?"

யாரும் பேசவில்லை.

"உம் போடு. மயில்துத்தமும் தெக்லாவும்.
ரெண்டு பக்கமும் உம். எழுத்து ஒரே சைஸு."

திம்மராயன் இரண்டு நாள் வரவில்லை.
பாட்டெல்லாம் அவன் கட்டியது,
ஆம்ப் அவன் அம்மா எடுத்த சீட்டுப் பணம்.
மூன்றாம் நாள் வந்து யார் முகத்தையும் பாராமல்
கடைசிப் பாட்டின் தனி வாசிப்பைத் தொடங்கினான்.
ஒன்பது நிமிடம், அழகில்லாமல், முறைத்துக்கொண்டு.
அவள் போகவில்லை.
வாயை மூடி அடியில் ஒரே சுருதியைப் பிடித்து,
கதை சொல்பவனுக்கு
எதிரில் இருப்பவர் கொட்டுவதுபோல்
ம் என்றாள், அவன் மூச்சு விட்ட இடமெல்லாம் ம்.
ஏழாவது நிமிடத்தில் அவன் தோள் இறங்கியது.
அந்த டேக்கைத்தான் வைத்தோம்.
அட்டையில் இரண்டு உம்.

அதற்குப் பின் நாங்கள் சேரவில்லை.
காரணம் பெரிதாக ஒன்றுமில்லை:
அவளுக்குத் தொப்பூர்ப் பக்கம் மாற்றல்,
எனக்கு ஓசூரில் வேலை, மாதேஷுக்கு இடுப்புவலி.

பைக்குக்குச் சுங்கமில்லை, நிற்கவும் வழியில்லை.
போன மாதம் மச்சான் காரை வாங்கிக்கொண்டு
ஸ்டிக்கரை உரித்து டேஷ்போர்டில் போட்டேன்.
இரட்டைக் கட்டணம்.
மீதியை எண்ணிக் கொடுத்தாள். பின்னால் லாரி ஹாரன்.

"இன்னொண்ணு பண்ணலாமா?"

ரசீதைக் கிழித்தாள்.
ஒன்று. இரண்டு.

"உம்" என்றாள்.
கம்பம் மேலே போனது.