ஆறாவது கட்டம்

புதுவயல் அரிசி மில்லுக்குப் பின்னால்
தகரக் கொட்டகையில் ஒத்திகை.
அடைக்கி என் மடிக்கணினியிடம் சொன்னார்:
"மூணு மாசமா பென்சன் வரல தாயி."

கோபம், என்றது திரை.
தொண்ணூற்றொரு சதவீதம்.

"கோவமா? எனக்கா?"
அதற்கும் கோபம்.
பக்கத்தில் இருளாயி சிரித்ததற்கும்.

முப்பத்தாறு வருசம்
மிசினுக்கு மேல ஏறிப் பேசுன தொண்டை,
இனி எறங்காது என்றார்.
என்னிடம் இருந்தவை ஐந்தே கட்டங்கள்.

"அப்ப ஆறாவது போடு.
சத்தம்னு. வெறும் சத்தம்.
சொல்றதக் கேட்ட பெறகு
கோவமான்னு கேளு."

அடுத்த வாரம் போட்டுக்கொண்டு போனேன்.
எல்லாம் சரியாக வந்தது, உமித்தூசி ஊடே
இருளாயியின் சிரிப்புகூட.

கிளம்பும்போது கேட்டார்:
"ரெண்டு தடவையும் அரை நாள் கூலி போச்சே,
யாரு தருவா?"

அது கோபம்.
திரையில்: சத்தம்.