பின்கதவு, இடப்பக்கம்

கண்ணாடி ஏற்றும் பிடியின் கிளிப்பை
பனியன் துணி கொடுத்து உருவினான் சவரிமுத்து.
தெறித்தது.
வண்டிக்கடியில் படுத்துத் தேடினேன்.
அவன் சட்டைப்பையிலேயே கிடந்தது.

கதவின் அட்டையைப் பிரித்தால்
உள்ளே ஒரு படி செம்மண்.
பழைய சேனல் கருவாடாய் வந்தது,
ரப்பர் இறுகி, வெல்வெட்டு உதிர்ந்து.
பிடிப்பு இல்லாத கண்ணாடி
ஆடாமல் என்ன செய்யும்.

திருச்சியிலிருந்து பஸ்ஸில் போட்டுவிட்ட புதுசு
முன்கதவுக்கானது. நாலு விரல் கூடுதல்.
"வெட்டிக்கலாம்ணே."
"வெட்டிட்டா திருப்பி எடுக்கமாட்டானே" என்றேன்.
அதற்குள் வெட்டியிருந்தான்.

மூலையில் மடிக்கிற இடம்தான் பாடு.
சோப்புத் தண்ணீர் தடவி
கட்டைவிரலால் அழுத்தினால்
அடுத்த முனை பிதுங்குகிறது.
அதை அழுத்தினால் இது.
மூன்று மணிக்குத்தான் சாப்பிட்டோம்.
அப்புறம் ஏற்றிப் பார்த்தேன். ஏறியது,
சொல்ல ஒன்றுமில்லாமல்.

புதன்கிழமை வாய்தா.
பள்ளத்தூரில் ஏறுவார் பிரதிவாதி, சேவுகன்.
கோட்டையூரில் வாதி, அவர் அக்கா சிகப்பி ஆச்சி.
வழக்குக்கு ஒன்பது வயசு, என் வண்டிக்கு ஆறு.
ஒரே கோர்ட்டுக்கு எதற்கு இரண்டு வாடகை?
அதை முதலில் சொன்னது யார் என்று
இதுவரை யாரும் மனுப் போடவில்லை.
நடுச்சீட்டில் இரண்டு கட்டுக் காகிதம்.
தேவகோட்டை வரைக்கும்
கண்ணாடிதான் பேசிக்கொண்டு வரும்.

இன்றைக்கு அது வாயை மூடிக்கொண்டது.
ஆச்சி மாத்திரை அட்டையைப் பிதுக்குவது கேட்கிறது.
தம்பி மூச்சை இழுத்து
சொல்ல வந்து
வெளியே விடுவது கேட்கிறது.
நான் தேவையில்லாமல் ஹாரன் அடித்தேன்.

ரஸ்தா தாண்டும்போது ஆச்சி,
"சத்தத்தைக் காணோமே?"
"சேனல் மாத்தியாச்சு ஆச்சி."
"எம்புட்டு ஆச்சு?"
"கூலியோட ஆயிரத்து நூறு."

"ஆயிரத்து நூறா!"
இரண்டு தொண்டை, ஒரே குரல்.
நானே திரும்பிப் பார்த்துவிட்டேன்.

அதன்பின் கோர்ட்டு வாசல் வரை
எதிர்தரப்பு நான் ஒருவன்தான்.
வெட்டின துண்டுக்குக் காசு கழித்தானா,
பில் இருக்கா,
மதுரையில் விசாரித்தாயா.
"அப்பச்சி இருந்தா இவனை நிப்பாட்டியிருப்பாக"
என்றார் தம்பி.
"நிப்பாட்ட மாட்டாக.
அறுநூறுக்கு முடிச்சுத் தந்திருப்பாக"
திருத்தினார் அக்கா.
"ஆமா" என்றார் பிரதிவாதி.
அந்த ஆமாவை எந்த வக்கீலும் எழுதிக்கொள்ளவில்லை.

நீதிபதி லீவு. அடுத்த மாதம் பதினெட்டு.

திரும்பும்போதுதான் காதில் விழுந்தது:
வலப்பக்கக் கண்ணாடியும் ஆடுகிறது.
இத்தனை நாளும் இடப்பக்கத்தின் இரைச்சலில்
அமுங்கிக் கிடந்திருக்கிறது.
சேவுகன் அதன்மேல் உள்ளங்கையை வைத்து
காரைக்குடி வரை அழுத்திக்கொண்டே வந்தார்.

கோட்டையூரில் இறங்கிய ஆச்சி
பாதி வாடகையை எண்ணிக் கொடுத்து,
தம்பியைப் பார்க்காமல்,
"அந்தப் பக்கத்தையும் மாத்திரு" என்றார்.
"அறுநூறுக்கு மேல குடுக்காதே."

பதினெட்டுக்கு இன்னும் ஒன்பது நாள்.
சவரிமுத்து இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டான்.
இந்த வாரம் வேலை இருக்கு என்று
சும்மா சொல்லி வைத்திருக்கிறேன்.