நூலாசிரியர் குறிப்பு

லண்டனில் இருந்து கேட்டிருக்கிறார்கள்:
என்னைப் பற்றி மூன்று வரி,
பின்னட்டைக்கு. வெள்ளிக்கு முன்.

அந்தப் பிரெஞ்சுக்காரனைப் பற்றி
நானூறு பக்கம் எழுதினேன்.
எந்தத் தையற்காரனுக்குக் கடன் வைத்தான்,
மனைவிக்கு எழுதிய கடிதத்தில்
எந்தச் சொல்லில் மை மாறியது, எல்லாம் தெரியும்.
'ஜெசிந்தா மரியநாயகம், பிறப்பு சுண்டுக்குளி'
என்று அடித்துவிட்டுத்
தேத்தண்ணி ஆறும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிரெஞ்சு எங்கே படித்தீர்கள் என்றும் ஒரு கேள்வி.
அகராதியில்.
தொண்ணூற்றைந்தில், மழைக்குள்,
சனத்தோடு சனமாய் நாவற்குழிப் பாலம் தாண்டுகையில்
சைக்கிள் கரியரில் இருந்து அது விழுந்து
'எம்' எழுத்து முழுவதும் போயிற்று.
கடல், தாய், வீடு, சொல், சாவு:
அந்த மொழியில் எல்லாம்
அந்த ஓரெழுத்தில்தான் தொடங்கும்.
பிறகு அவற்றை நான் எதையும் பார்த்து எழுதவில்லை.

அவனுடைய மூன்றாம் நாவலில்
பதினொரு பக்கத்துக்குப் பனி கொட்டும்.
பாசையூர்ச் சந்தையில்
மீன்பெட்டிக்கு ஐஸ் உடைக்கிற அருளப்புவிடம்
ஒரு கை வாங்கி வந்து வாசற்படியில் வைத்து
கரையக் கரைய ஆங்கிலத்தில் எழுதினேன்.
'குளிர்நாட்டில் வளர்ந்த கை' என்றது ஒரு மதிப்புரை.
அருளப்புவுக்குச் சொன்னேன்.
"அவைக்கு மீன் மணக்கேல்லையோ?" என்றான்.

விசா இரண்டு தரம் மறுத்தார்கள்.
பயணத்தின் நோக்கம்: ஒரு கல்லறையைப் பார்த்தல்.
யார்தான் நம்புவார்கள்.

லாச்சப்பலில் கோப்பை கழுவுகிற
பெறாமகன் நிமலனை அனுப்பினேன்.
லீவு நாளில் இரண்டு ரயில் மாறிப் போயிருக்கிறான்.
நேற்றிரவு குரல் வந்தது, பின்னால் காற்று:

"குஞ்சம்மா, அந்தாள் இஞ்சை இல்லை.
முப்பது வருசக் காசு முடிஞ்சுதாம்,
பிறகு ஆரும் கட்டேல்லையாம்.
கல்லைக் கிளப்பிப்போட்டு
வேறை ஆரையோ வைச்சிருக்கினம்.
கோப்பாயிலை செய்த மாதிரித்தான்.
என்ன, இஞ்சை பில் குடுத்திருப்பினம்."
கொஞ்சம் பொறுத்து,
"பூவை என்ன செய்ய?"

கிடக்கிற ஆளுக்கே வை என்றேன்.

புத்தகம் அச்சுக்குப் போய்விட்டது.
இன்று காலை அனுப்பினேன்:
யாழ்ப்பாணத்தில் வசிக்கிறார்.
மற்ற இரண்டு வரியிலும் இதைப் போடச் சொன்னேன்:
கடைசிப் பக்கத்தில் 'உறங்குகிறார்' என்பதை
'உறங்கினார்' என்று திருத்தி வாசிக்கவும்.